கண்ணொளி காத்த டாக்டர் கோ. வெங்கடசாமி

முகவுரை

உறுப்புக்கள் பலவற்றுள்ளும் கண் தலைசிறந்தது என்பதை மறுப்பார் ஒருவரும் இலர். கல்வியையே கண்ணாக உருவகித்துப் பேசுதல் நம் முன்னோர்க்கு இயல்பு. எழுத்தறியாதவனைக் குருடனோடு ஒப்பிட்டு அவர்கள் இரங்கினார்கள். ஆனால், கண் சரிவரத் தெரியாத காரணத்தாலேயே எழுத்தறியாது போகும் சிறுவரும் உளர் என்பதையும், அவர்தம் குறை சோம்பலென்றும் மந்தமென்றும் பிறழ உணரப்பட்டு, அடியும் வசையுமே அவர்க்கு மருந்தாக வழங்கப்படுகின்றன என்பதையும் நாம் எண்ணிப் பார்ப்பது அரிது.

இவ்வுண்மையை நன்குணர்ந்து, முதியோர் கண்ணில் மறைந்த ஒளியை மீட்டுத் தருவதோடு அமையாது, குழந்தைகளின் கண்ணில் உள்ள ஒளி மறையாவண்ணம் காத்தற்கும் வழி வகுத்த பெரியவர் ஒருவர் நம் தமிழ்நாட்டில் வாழ்ந்தார். அவரே டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி என்பார். அவர் நம் அமெரிக்கன் கல்லூரியின் பழைய மாணவர் என்பது நமக்குப் பெருமகிழ்ச்சி தருவதாகும். அவர் நிறுவிய அரவிந்த் கண் மருத்துவமனையின் பெருக்கத்தை உலகம் அறியும். அதனைப் பற்றி எழுதினோர் பலர். ஆதலின் அப்பகுதியைச் சுருக்கி, சிறு குழவிகளின் கண்பொருட்டு அவர் ஆற்றிய தொண்டினைச் சற்றே விரித்துரைக்க விழைகின்றேன். அங்ஙனம் விழைந்ததன் காரணம் கட்டுரையின் இறுதியில் விளங்கும்.

பிறப்பும் இளமையும்

எட்டயபுரத்திற்கு அணித்தாய் உள்ள வடமலாபுரம் என்னும் சிற்றூரில், 1918ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் முதல் நாள், வேளாண்குடி ஒன்றில் வெங்கடசாமி பிறந்தார். உடன்பிறந்தார் ஐவருள் இவரே மூத்தவர். கரிசல் மண்ணும் வானம் பார்த்த பயிருமே அவ்வூரின் செல்வம். விடியுமுன் எழுந்து எருமைகளை மேய்ச்சலுக்கு ஓட்டிச் செல்வதும், அதன்பின் வெறுங்காலுடன் பள்ளிக்கு நடப்பதும் இவர்தம் நாள்வழக்கம். ஏடும் எழுதுகோலும் வாங்க இயலாத காலமாதலின், ஆற்று மணலைக் கொணர்ந்து பரப்பி, அதில் விரலால் எழுதியே பிள்ளைகள் அரிச்சுவடி பயின்றார்கள். பிற்காலத்தில் எந்த விரல்கள் முடங்கிக் கோணிப் போயினவோ, எந்த விரல்களால் இலட்சத்திற்கும் மேற்பட்ட கண்கள் திறக்கப்பட்டனவோ, அவ்விரல்களே அன்று மணலில் அகரம் எழுதியவை என்று எண்ணுங்கால் உள்ளம் உருகுகின்றது.

இளமையிலேயே ஒரு துயரம் இவரது நெஞ்சில் ஆழப் பதிந்தது. உறவுப் பெண்கள் மூவர், கருவுற்றிருந்த காலத்தில், ஒருவர் பின் ஒருவராக மாண்டனர். ஊரில் மருத்துவர் இலர். பட்டணத்து மருத்துவரை அழைக்கப் பொருளும் இல்லை. தாம் மருத்துவராகி மகப்பேற்றுத் துறையில் தொண்டு புரிவதென அச்சிறுவர் அன்றே உறுதி பூண்டார். அவ்வுறுதி பின்னர் வேறோர் உருவில் நிறைவேறியது.

கல்லூரி வாழ்க்கை

1881இல் பசுமலையில் அமெரிக்க மிஷனரிமாரால் தொடங்கப்பெற்று, பின்னர் மதுரைக் கோரிப்பாளையத்திற்குப் பெயர்ந்த நம் கல்லூரியில் வெங்கடசாமி சேர்ந்து, இரசாயனத்தைச் சிறப்புப் பாடமாகக் கொண்டு, 1938இல் பி.ஏ. பட்டம் பெற்றார். விடுதலை வேட்கை நாடெங்கும் கனன்றிருந்த காலம் அது. காந்தியடிகளின் எளிமையும், விவேகானந்தரின் தொண்டு நெறியும் அவரது உள்ளத்தை ஈர்த்தன. அவர் கிறிஸ்தவர் அல்லர்; இறுதிவரை ஸ்ரீ அரவிந்தரின் நெறியிலேயே நின்றார். ஆயினும் ஏழைக்குச் செய்வது இறைவனுக்குச் செய்வதே என்னும் கொள்கையில் அவருக்கும் நமக்கும் வேற்றுமை யாது? தாலந்துகளைப் பெற்ற ஊழியர் மூவரைப் பற்றிய உவமையை நாம் சிறுவயது முதல் கேட்டு வருகின்றோம். பெற்றதைப் புதைத்து வையாமல் பன்மடங்காகப் பெருக்கிய ஊழியருக்கு இவரினும் தக்க எடுத்துக்காட்டு எளிதிற் கிடையாது.

பின்னர்ச் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியிற் பயின்று 1944இல் மருத்துவப் பட்டம் பெற்றார். இந்திய இராணுவ மருத்துவப் பிரிவில் சேர்ந்து உழைத்தார்.

நோயும் நோன்பும்

முப்பது வயதை எட்டும் நிலையில், 1948இல், கொடிய முடக்குவாதம் இவரைப் பற்றியது. மூட்டுகள் அனைத்தும் வீங்கின; நெடுநாள் படுக்கையிலேயே கிடக்க நேர்ந்தது; இராணுவத்தினின்றும் விலக்கப்பட்டார். நோய் தணிந்தபின் எழுந்து பார்த்தபோது கைவிரல்கள் கோணி முறுகியிருந்தன. எழுதுகோல் பிடிப்பதே அரிதாகியது. இனி மகப்பேற்று மருத்துவராதல் இயலாது என்பது தெளிவாயிற்று.

வேறொருவராயின் அத்துடன் மனம் ஒடிந்திருப்பார். இவரோ கண் மருத்துவத்தின்பால் திரும்பினார். கண் அறுவை நுண்ணிய தொழில். ஒரு மயிரிழை பிழைப்பினும் கண் கெடும். முறுகிய விரல்களுடையார் அத்தொழிலை விரும்புதல் பேதைமை என்றே காண்போர் கருதியிருப்பர். ஆயினும் கத்தியைப் பிடிக்கும் முறையைத் தம் விரல்களுக்கு ஏற்றவாறு மெல்ல மெல்லப் பழக்கி, நோவைப் பொறுத்து நாள்தோறும் பயின்று, அத்தொழிலில் கைதேர்ந்தார். 1819இல் தோன்றியதும், ஆசியாவின் மிகப் பழைய கண் மருத்துவமனை எனப் பெயர் பெற்றதுமான எழும்பூர் அரசினர் கண் மருத்துவமனையில் பயின்று, 1951இல் கண் மருத்துவப் பட்டயமும் 1954இல் மேற்பட்டமும் பெற்றார். நாளடைவில் ஒரே நாளில் நூறு கண்களுக்கு அறுவை செய்யுமளவு வல்லவரானார். தம் வாழ்நாளில் அவர் செய்த கண் அறுவைகள் ஓரிலட்சத்திற்கும் மேற்பட்டவை.

மதுரையில் அரசினர் பணி

1956இல் மதுரை மருத்துவக் கல்லூரியின் கண் மருத்துவத் துறைத் தலைவராகவும், எர்ஸ்கின் மருத்துவமனையின் கண் மருத்துவராகவும் அமர்ந்தார். அம்மருத்துவமனையே பின்னர் இராஜாஜி மருத்துவமனை எனப் பெயர் மாற்றம் பெற்றது. கண்புரை முதிர்ந்து பார்வை இழந்த முதியோர் சிற்றூர்களில் ஆயிரக்கணக்கில் இருந்தும், அவருள் மருத்துவமனையை நாடி வருவோர் மிகச் சிலரே என்பதை அவர் கண்டார். வழித்துணையின்மை, வறுமை, அச்சம், விதியென்று அடங்கிவிடும் இயல்பு ஆகியவை அவர்களைத் தடுத்தன. நோயாளி வாராவிடின் மருத்துவரே செல்லவேண்டும் என்று துணிந்து, 1960களின் தொடக்கம் முதல் ஊர்தோறும் கண் மருத்துவ முகாம்கள் நடத்தலானார். பள்ளிக்கூடங்களும் சத்திரங்களும் அந்நாட்களில் மருத்துவமனைகளாக மாறின.

அக்காலத்தில் சர் ஜான் வில்சன் என்னும் ஆங்கிலேயப் பெருமகனாரின் நட்பு இவருக்குக் கிட்டியது. வில்சன் தம் பன்னிரண்டாம் வயதில், பள்ளியில் நிகழ்ந்த இரசாயன விபத்தொன்றில் இரு கண்ணும் இழந்தவர். பின்னர்ப் பார்வையற்றோர்க்கென 1950இல் ஒரு சங்கம் நிறுவியவர். கண்ணிழந்தாரைப் பேணுதல் நன்று. கண்ணிழவாமற் காத்தல் அதனினும் நன்று என்பதே இவ்விருவரையும் பிணைத்த எண்ணம். வெங்கடசாமியின் தொண்டினைப் பாராட்டி இந்திய அரசாங்கம் 1973இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது.

குழந்தைகளும் கீரையும்

மருத்துவமனைக்கு வந்த நோயாளருள் வெங்கடசாமியின் நெஞ்சை மிகவும் வருத்தியவர் குழந்தைகளே. முதியவரது கண்புரையை நீக்கினால் ஒளி மீளும். ஆனால் தாயின் தோளில் சாய்ந்து வரும் இரண்டு மூன்று வயதுக் குழவியின் கருவிழி வெந்த அரிசிபோல் குழைந்து கரைந்திருக்குமாயின், எத்தகைய வல்லவனும் அதற்குச் செய்யத்தக்கது யாதுமில்லை. எழுபது வயதில் பார்வை இழப்பவர் சில ஆண்டுகளே இருளில் வாழ்வார். மூன்று வயதில் இழக்கும் மகவோ தன் வாழ்நாள் முழுவதையும் இருளிலேயே கழிக்கவேண்டும். குருட்டின் கொடுமையை ஆளெண்ணிக்கையால் மட்டும் அளக்காது, இருளில் கழியும் ஆண்டுகளால் அளப்போமாயின், குழந்தைகளின் கண் எத்துணை விலையுடையது என்பது விளங்கும்.

இந்நோய்க்குக் காரணம் கிருமியன்று. சோற்றில் உள்ள குறையே. வைட்டமின் ஏ எனப்படும் உயிர்ச்சத்தை 1913இல் அமெரிக்க விஞ்ஞானிகள் வெண்ணெயிலும் முட்டை மஞ்சட்கருவிலும் கண்டறிந்தனர். இச்சத்துக் குறையுங்கால் முதலில் மாலைக்கண் தோன்றும். அந்தி மயங்கியதும் குழந்தை தடுமாறும். தன் முன் வைத்த வட்டிலைத் தடவித் தேடும். அதன்பின் விழியின் வெண்பகுதி பளபளப்பு நீங்கி வறளும். நுரைபோன்ற வெண்புள்ளி அதில் படியும். இந்நிலைவரை மீட்சி எளிது. ஆனால் அத்தகைய குழந்தைக்குத் தட்டம்மையோ கடும் வயிற்றுப்போக்கோ வந்துவிடின், இரண்டொரு நாட்களிலேயே கருவிழி இளகிக் கரைந்துவிடும். முந்தின வாரம் தாயின் முகம் பார்த்துச் சிரித்த குழந்தை அடுத்த வாரம் குரல் கேட்டுத் தலையைத் திருப்பும் குழந்தையாகிவிடும்.

இக்கொடுமையில் வியப்பிற்குரிய செய்தி ஒன்று உண்டு. இந்நோயைத் தடுக்கும் மருந்து ஏழையின் வேலியிலேயே தழைத்து நின்றது. முருங்கைக்கீரை, அகத்திக்கீரை, அரைக்கீரை முதலியவற்றில் உள்ள பசுமைக்குள் ஒளிந்துள்ள மஞ்சட்பொருள், நம் உடலுட் சென்றதும் அவ்வுயிர்ச்சத்தாக மாறுகின்றது. பப்பாளியும் மாம்பழமும் அத்தகையனவே. வீட்டில் பெரியவர்கள் கீரை உண்பர். ஆனால் சிறு குழந்தைக்குக் கொடுத்தால் வயிறு கழியும் என்று அஞ்சிப் பல தாய்மார் அதனை விலக்கிவிடுவர். தாய்ப்பால் மறக்கும் பருவத்தில் வெறுங்கஞ்சியே அம்மகவின் உணவாயிற்று. ஆகவே, வறுமையோடு அறியாமையும் சேர்ந்தே குழந்தையின் கண்ணைப் பறித்தது என்க.

இதனைக் கண்ட வெங்கடசாமி, 1970களின் தொடக்கத்தில், வில்சனாரின் சங்கம் அளித்த துணைகொண்டு, மதுரை அரசினர் மருத்துவமனையைச் சார்ந்து ஊட்ட மீட்பு நிலையம் ஒன்றினை ஏற்படுத்தினார். ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் கண்ணின் இரசாயனத்தை ஆராய்ந்து புகழ்பெற்ற ஆன்டொனெட் பைரி அம்மையார், ஓய்வு பெற்றபின் தமிழ்நாட்டிற்கு வந்து இப்பணியில் பங்குகொண்டார். கண் வறட்சியுற்ற குழந்தைகள் தாயுடன் அந்நிலையத்தில் தங்கினார்கள். மருந்து கொடுத்து உடனே அனுப்பிவிடுவது அங்கு வழக்கமன்று. தாயே கேழ்வரகு, பருப்பு, கீரை முதலிய மலிந்த பொருள்களைக்கொண்டு சமைத்துத் தன் குழந்தைக்கு ஊட்டக் கற்றுக்கொண்டாள். கீரையை நன்கு வேகவைத்து மசித்து, சிறிது எண்ணெய் சேர்த்துக் கொடுத்தால் சத்து உடலிற் சேரும் என்பதையும், தன் குழந்தையின் வயிறு அதனால் கெடவில்லை என்பதையும் அவள் கண்ணாரக் கண்டாள். ஊர் திரும்பியபின் அவளே அண்டை வீட்டார்க்கு ஆசிரியையானாள். கீரைத் தோட்டங்கள் இடுவதற்கும் சிற்றூர்களில் ஊக்கம் அளிக்கப்பட்டது. அந்நிலையத்தின் அனுபவத்தை வெங்கடசாமியும் பைரி அம்மையாரும் பிறரும் சேர்ந்து 1976இல் லான்செட் என்னும் மருத்துவ இதழில் வெளியிட்டனர்.

இந்திய அரசாங்கமும் 1970இல் இந்நோய்த் தடுப்புத் திட்டம் ஒன்றைத் தொடங்கி, ஆறு திங்களுக்கு ஒருமுறை வைட்டமின் ஏ மருந்தைக் குழந்தைகளுக்குப் புகட்டச் செய்தது. இன்றும் ஒன்பதாம் திங்கள் முதல் ஐந்து வயதுவரை அம்மருந்து வழங்கப்பட்டு வருகின்றது. தட்டம்மைத் தடுப்பூசியும் பரவியபின் கருவிழி கரையும் கொடுமை பெரிதும் குறைந்தது. ஆயினும் குழந்தைக் கண்ணின் பகை அஃதொன்றே அன்று.

பார்வை வளரும் பருவம்

குழந்தை பிறக்கும்போதே முழுப்பார்வையுடன் பிறக்கின்றது என்பது நம்மிற் பலர் எண்ணம். அது பிழை. கண் பிறவியிலேயே அமைந்திருப்பினும், காண்டல் என்பது மூளை மெல்லக் கற்றுக்கொள்ளும் கலையாகும். பிறந்த குழந்தைக்கு உலகம் மங்கலாகவே தோன்றும். இரண்டு மூன்று திங்களில் தாயின் முகத்தை நிலைத்து நோக்கவும், அசையும் பொருளைக் கண்ணால் தொடரவும் அது பழகும். நான்கு திங்கள் அளவில் இரு கண்ணும் ஒன்றுபட்டு நோக்கவேண்டும். அதன்பின்னும் மாறுகண் தோன்றுமாயின் அதனை அதிர்ஷ்டம் என்று கொண்டாடுவதும், வளர்ந்தால் சரியாகும் என்று வாளாவிருப்பதும் தவறு. கண்மணியில் வெண்ணிறம் தோன்றின் ஒரு நாளும் தாழ்த்தாது மருத்துவரிடம் காட்டவேண்டும். அது பிறவிக் கண்புரையாகவும் இருக்கலாம், உயிர்க்கே இறுதி பயக்கும் புற்றாகவும் இருக்கலாம்.

ஏறக்குறைய ஏழெட்டு வயதுவரை மூளை இக்கலையைக் கற்கும். அதற்குள் ஒரு கண்ணில் மட்டும் மங்கல் இருப்பின், மூளை தெளிவான கண்ணையே நம்பி, மங்கிய கண் தரும் செய்தியைப் புறக்கணித்துவிடும். நாளடைவில் அக்கண் நோயற்றதாய் இருந்தும் பார்வையற்றதாகும். இதனைச் சோம்பற்கண் என்பர். பூனைக்குட்டிகளின் ஒரு கண்ணை இளமையில் மூடிவைத்து, பின்னர் அதனைத் திறந்தும் பயனின்மையைக் கண்டு, இவ்வுண்மையைத் தெளிவாக்கிய ஹியூபல், வீசல் என்னும் இரு விஞ்ஞானிகளுக்கு 1981இல் நோபல் பரிசு வழங்கப்பெற்றது. காலத்தே கண்டால் இதற்கு மருத்துவம் எளிது: ஏற்ற கண்ணாடி அணிவித்து, நல்ல கண்ணை நாள்தோறும் சில மணிநேரம் மறைத்து, சோம்பிய கண்ணைத் தொழில் செய்யப் பழக்குதலே அது. காலம் தாழ்ந்தால் சிறிது பயன் உண்டாயினும் முழுப்பயன் கிட்டுதல் அரிது.

ஆதலின் பிறந்தவுடன் ஒருமுறையும், ஓராண்டு நிறையுமுன் ஒருமுறையும், மூன்று நான்கு வயதில் ஒருமுறையும், பள்ளியிற் சேர்ந்தபின் அவ்வப்போதும் கண்ணைச் சோதித்தல் வேண்டும். எழுத்தறியாக் குழந்தைக்கும் சோதனை செய்யலாம். படங்களைக் காட்டியும், ஒரு குறி எத்திசை நோக்கியது என்பதைக் கையால் காட்டச் சொல்லியும் அறியலாம். இரு கண்ணையும் தனித்தனியே மறைத்துச் சோதித்தல் இதில் உயிர்நிலையாகும்.

அரவிந்த் கண் மருத்துவமனை

1976இல், தமது ஐம்பத்தெட்டாம் வயதில், அரசினர் பணியினின்றும் ஓய்வு பெற்றார் வெங்கடசாமி. பிறர் ஓயும் காலத்தில் இவர் தொடங்கினார். மதுரை அண்ணா நகரில் ஒரு வீட்டில், பதினொரு படுக்கைகளுடன், ஸ்ரீ அரவிந்தரின் பெயரால் ஒரு மருத்துவமனை தோன்றியது. மணம் புரியாது வாழ்ந்த இவருக்கு உடன்பிறந்தாரே துணையாயினர். தங்கை டாக்டர் நாச்சியாரும், அவர் கணவர் டாக்டர் நம்பெருமாள்சாமியும், தம்பி சீனிவாசனும் அவருடன் உழைத்தனர்.

பொருளுடையார் கட்டணம் செலுத்துவர்; இல்லாதார் செலுத்தவேண்டா; அறுவை இருவர்க்கும் ஒன்றே. இதுவே அந்நிலையத்தின் நெறி. அமெரிக்க நாட்டில் ஒரே வகை உணவை ஒரே தரத்தில் ஊர்தோறும் வழங்கும் மக்டொனால்ட் உணவுச்சாலைகளைக் கண்டு, அத்தகைய ஒழுங்கினைக் கண் அறுவையிலும் கொணர்ந்தால் என்ன என்று அவர் சிந்தித்தார். மருத்துவர் அறுவையை மட்டும் செய்ய, ஏனைய வேலைகளைப் பயிற்சி பெற்ற சிற்றூர்ப் பெண்கள் செய்தனர். இதனால் காலமும் செலவும் குறைந்தன. வெளிநாட்டிலிருந்து வந்த கண்ணக வில்லையின் விலை ஏழைக்கு எட்டாததாய் இருக்கவே, 1992இல் ஆரோலேப் என்னும் தொழிற்சாலை நிறுவப்பெற்று, அவ்வில்லை இங்கேயே மலிந்த விலையில் செய்யப்பட்டது. தேனி, திருநெல்வேலி, கோயம்புத்தூர், புதுச்சேரி ஆகிய இடங்களிலும் மருத்துவமனைகள் எழுந்தன. 1978இல் அமெரிக்காவில் தோன்றிய சேவா அறநிலையத்தின் நிறுவனர்களுள்ளும் இவர் ஒருவர்.

குழந்தைகளை இங்கும் அவர் மறந்தாரல்லர். பள்ளி ஆசிரியர்க்குப் பயிற்சி தந்து, மாணவர் கண்களை முதற்கண் அவர்களைக்கொண்டே சோதிப்பித்து, குறையுடையாரை மட்டும் மருத்துவர் பின்னர்ப் பார்வையிடும் முறை அரவிந்த் நிலையத்தாரால் பரப்பப்பட்டது. நாள்தோறும் பிள்ளைகளின் முகத்தில் விழிப்பவர் ஆசிரியரே ஆதலின், இதனினும் எளிய வழி இல்லை.

டாக்டர் வி என்று உலகோரால் அன்புடன் அழைக்கப்பெற்ற இவர், எளிய உடையும் எளிய உணவும் உடையவராய், முதுமையிலும் நாள்தோறும் மருத்துவமனைக்கு வந்துகொண்டிருந்தார். 2006ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 7ஆம் நாள், தமது எண்பத்தேழாம் வயதில், மதுரையில் காலமானார். அவர் மறைந்தபின் 2008இல் கேட்ஸ் விருதும், 2010இல் ஹில்டன் மனிதநேயப் பரிசும் அவர் நிறுவிய நிலையத்தை வந்தடைந்தன.

வத்தல்மலையை நோக்கி

இனி, முகவுரையிற் குறித்த காரணத்தைக் கூறுவேன். யான் தருமபுரி மாவட்டத்து வத்தல்மலை அடிவாரத்தவன். தருமபுரியினின்றும் ஏறக்குறைய 25 கிலோமீட்டர் தொலைவில் உள்ள அம்மலையில் மலையாளி என்னும் பழங்குடி மக்கள் சிறு சிறு ஊர்களாக வாழ்கின்றனர். சாமையும் கேழ்வரகும் விளையும். காப்பியும் மிளகும் காய்க்கும். பல்லாண்டுகள் வரை நோயாளியைத் தூளியில் கட்டிச் சுமந்தே அவர்கள் மலையிறங்கினார்கள். இன்று கொண்டை ஊசி வளைவுகள் இருபதுக்கு மேற்பட்ட சாலை ஏறுகின்றது, பேருந்தும் செல்கின்றது. சாலை வந்தது கண்டு மகிழ்கின்றோம். ஆனால் குழந்தையின் கண்ணில் உள்ள குறையைக் காண்பதற்குச் சாலை மட்டும் போதாது. அதனைத் தேடும் ஒருவர் வேண்டும்.

என் தங்கைக்குப் பதினொரு வயதாயிருந்தபோது ஒருநாள் தோழியருடன் கண்ணாமூச்சி ஆடினாள். ஒருத்தி விளையாட்டாக அவளது வலக்கண்ணை மட்டும் பொத்தினாள். உடனே இவள் எல்லாம் மறைந்துவிட்டதென்று கூவினாள். அதுவரை அவளது இடக்கண் தெளிவாகக் காண்பதில்லை என்பதைப் பெற்றோர் அறியார், ஆசிரியர் அறியார், அவளும் அறியாள். ஏனெனில் ஒரு கண்ணால் மட்டுமே காண்பவர் தாம் காண்பதே முழு உலகம் என்று எண்ணுவர். எறிந்த பந்தைப் பிடிக்க அவள் தவறுந்தோறும், படியில் இடறுந்தோறும், கைகொட்டி நகைத்தவன் யான். மருத்துவர் சோதித்துப் பார்த்து, நான்கைந்து வயதில் கண்டிருந்தால் ஒரு கண்ணாடியும் சிறிது பொறுமையுமே போதியதாயிருக்கும் என்று கூறியபோது, என் தந்தையார் ஒன்றும் பேசாது தம் கைகளையே நோக்கிக்கொண்டிருந்தார். கண்ணாடியும் பயிற்சியும் இப்பொழுது சிறிது பயன் தந்துள்ளன. அவள் நன்றாகப் படிக்கின்றாள். ஆயினும் அன்று நகைத்த நகைப்பு என் செவியைவிட்டு இன்னும் அகலவில்லை.

அதன் பின்னரே டாக்டர் வெங்கடசாமியின் வரலாற்றை யான் தேடிப் படித்தேன். இலட்சம் அறுவை செய்த பெருமையைவிட, கீரை மசித்து ஊட்டத் தாய்மார்க்குக் கற்பித்த சிறுமையே எனக்குப் பெரிதாகப் பட்டது. அறுவை வல்லார்க்கே உரியது. கண்டறிந்து சொல்லுதல் நம்மனோர்க்கும் இயலும்.

முடிவுரை

பெத்சாயிதாவில் கண்பெற்ற மனிதனின் வரலாற்றை நம்மிற் பலர் அறிவர். ஆண்டவர் அவனை முதலில் தொட்டபோது, மனிதர்கள் நடமாடும் மரங்களைப்போல அவனுக்குத் தோன்றினார்கள். அவனிடம் கேட்டறிந்து, மறுமுறை தொட்ட பின்னரே அவன் யாவற்றையும் தெளிவாகக் கண்டான். ஆண்டவர் அவனிடம் கேட்டார் என்பதே ஈண்டுச் சிந்திக்கத்தக்கது. நம் வீட்டுக் குழந்தைகளும் மரங்களையே மனிதர்களாகக் கண்டுகொண்டு வாளாவிருக்கலாம். கேட்பார் இல்லாமையால் அவர்கள் சொல்லுவதில்லை.

மாணவ நண்பர்காள்! விடுமுறைக்கு ஊர் செல்லும் நாம் அனைவரும் ஒரு சிறு தொண்டு செய்யலாம். நம் தம்பி தங்கையரையும், அண்டை வீட்டுச் சிறாரையும் அருகழைத்து, ஒரு கண்ணை மறைத்து மறு கண்ணால் சற்றுத் தொலைவிலுள்ள நாட்காட்டியின் எழுத்தையோ படத்தையோ கூறச் சொல்லுவோம். பின்னர்க் கண்ணை மாற்றிக் கேட்போம். புத்தகத்தை மூக்கோடு ஒட்டிப் படிக்கும் பிள்ளையையும், தலையைச் சாய்த்து நோக்கும் பிள்ளையையும், அந்தியில் தடுமாறும் பிள்ளையையும் கடிந்துகொள்ளாது கவனிப்போம். ஐயம் தோன்றின் மருத்துவரிடம் அழைத்துச் செல்லும்படி பெற்றோரை வேண்டுவோம். ஐயம் இல்லையாயினும் பள்ளியிற் சேருமுன் ஒருமுறை மருத்துவரின் சோதனை வேண்டும் என்பதை எடுத்துச் சொல்லுவோம். நம் சோதனை அதற்கு ஈடாகாது.

மணலில் விரலால் எழுதப் பயின்ற ஒரு சிறுவர், முடங்கிய அவ்விரல்களைக்கொண்டே எண்ணிறந்தோர்க்கு உலகைக் காட்டினார். முடங்காத பத்து விரல்களை உடைய நாம், ஒரு குழந்தையின் ஒரு கண்ணையேனும் சிறிது நேரம் மறைத்துப் பார்ப்போமாக. நம் கல்லூரியின் மூத்த மாணவர்க்கு நாம் செலுத்தத்தக்க நன்றி இதுவேயாகும்.